ஐந்தாவது மணி

எனக்குச் சந்தேகப் புத்தி கொஞ்சம் அதிகம். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு அடி நடந்தால் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கடையில் பொட்டலம் கட்டுகிறவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். ஒலிப்பதிவு வேலைக்கு இந்தப் புத்தி நல்லதுதான், பக்கத்து வீட்டு மின்விசிறி சத்தத்தைக்கூட விடாமல் பிடிக்கும். அதையே மனிதர்களிடம் காட்டினால் என்ன ஆகும் என்பது தொண்ணூறுகளின் நடுவில்தான் எனக்குத் தெரிந்தது.

சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் என் ஸ்டுடியோ இருந்தது. ஸ்டுடியோ என்று நான் மட்டும்தான் சொல்வேன். பட்டறைக்காரர் 'பாட்டு ரூம்பு' என்பார். சுவரெல்லாம் சாக்கும் முட்டை அட்டையும், எட்டு டிராக் ஸ்பூல் மெஷின் ஒன்று, மைக் இரண்டு. லேத் ஓடினால் வேலை நடக்காது என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் பதிவு. எந்தக் கம்பெனியும் என் பின்னால் கிடையாது. பாடகரைப் பிடிப்பது, பதிவது, கலப்பது, கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவது எல்லாம் நான் ஒருவன்தான். கலந்து முடித்த கேசட்டை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போடச் சொல்லிக் கடைசி சீட்டில் உட்கார்ந்து கேட்பேன். ஸ்டுடியோ ஸ்பீக்கர் முகஸ்துதி செய்யும். பஸ் ஸ்பீக்கர்தான் உண்மையைச் சொல்லும்.

ஒருவன் என்றது பொய். கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவர் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் மோட்டாருக்குக் காயில் கட்டுவார், ஏழாவது நாள் என்னிடம் வருவார். விரலில் எப்போதும் வார்னிஷ் வாசம். ஸ்டுடியோவின் இன்னொரு சாவி அவரிடம் இருந்தது, அவருடைய கீபோர்டு என்னிடம் இருந்தது. ஆறு வருடத்தில் அவர் இல்லாமல் நான் ஒரு பாட்டுகூட முடித்ததில்லை.

அந்த வருடம், பஞ்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பாடவைத்து அம்மன் பாட்டுக் கேசட் போட்டோம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், கணீரென்ற குரல். அட்டையில் தன் பேர் வர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. அட்டை அச்சாகி வருவதற்குள் பொள்ளாச்சிச் சந்தையில் அதே பாட்டுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. மங்கலான அம்மன் படம், பாடியவர் பேரே இல்லை. எங்கள் கேசட்டை நான் கொண்டுபோனபோது கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போன வாரமே வந்துருச்சுங்களே" என்றார்.

கலந்து முடித்ததும் பாடியவர், தபேலாக்காரர், கீபோர்டு நண்பர் மூவருக்கும் ஆளுக்கொரு கேசட் பதிந்து கொடுப்பது என் வழக்கம். குறை இருந்தால் சொல்வார்கள், அடுத்த ஞாயிறு திருத்துவேன். ஆக, இந்த மூவரில் ஒருவர்தான்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். சாவி இருந்ததால் நண்பர் மேல்தான் கண் அதிகம் போயிற்று. ஒருநாள் காந்திபுரத்தில் ஒரு கேசட் கடை வாசலில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அப்படி என்ன சிரிப்பு? காலில் வேறு புதுச் செருப்பு. "அடுத்தது எப்பங்க வெளிய வுடறோம்?" என்று கேட்டார். அதற்கு முன் நூறு தடவை கேட்டிருப்பார், அன்றைக்கு மட்டும் அது வேவு பார்ப்பது போல் பட்டது. பூட்டில் வார்னிஷ் வாசம் அடிக்கிறதா என்று குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தேன். பட்டறைக்காரர் அதைக் கவனித்துவிட்டு, "ஏனுங்க, பூட்டு ஊசிப்போச்சுங்களா?" என்றார்.

அதே பெண்ணுக்கு இரண்டாவது கேசட் போட்டபோது பொறி வைத்தேன். ஒவ்வொரு பாட்டும் கோயில் மணியோடு முடியும். நண்பர்தான் கீபோர்டில் அடிப்பார், பாட்டுக்கு நாலு மணி. மூவருக்கும் கேசட் பதியும்போது நான் தனியாக உட்கார்ந்து ஐந்தாவதாக ஒரு மணி சேர்த்தேன். பாடியவர் கேசட்டில் முதல் பாட்டில், தபேலாக்காரருக்கு இரண்டாவது பாட்டில், நண்பருக்கு மூன்றாவதில். திருட்டுக் கேசட் கைக்கு வந்தால் மணியை எண்ணினால் போதும், ஆள் தெரிந்துவிடும். அந்த மணியை அடிக்கவும் நண்பரின் கீபோர்டைத்தான் எடுத்துக்கொண்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் ஊர்ச் சந்தையில் வாங்கிய கேசட்டோடு வந்து நின்றார். "இந்தவாட்டியும் எம்பேரு இல்லீங்கண்ணா" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. கேசட்டை வாங்கி டெக்கில் போட்டேன். முதல் பாட்டில் நாலு மணி. இரண்டாவதில் நாலு. மூன்றாவதில் ஐந்து.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். என் பொறி வேலை செய்துவிட்டதே என்கிற சந்தோஷம். ஆறு வருடப் பழக்கம் அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும், "சாவியக் குடுங்க" என்றேன்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"பொள்ளாச்சிக்கு யாரு கேசட்டு போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மணி காட்டிக் குடுத்துருச்சு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. திருடியவன் எப்படிப் பேசுவான் என்று நினைத்துக்கொண்டேன். சாவியை மேசைமேல் வைத்தார். கீபோர்டை உறைக்குள் போட்டுச் சைக்கிள் கேரியரில் கட்டினார். "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் வேறொருவரை வைத்து ஒரு காவடிப் பாட்டுக் கேசட் முடித்தேன். மூவருக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தினேன். ஒரே ஒரு கேசட்டைப் பதிந்து, வழக்கம்போல் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிப் போடச் சொன்னேன். ஊர் வந்ததும் டிபன் சாப்பிட இறங்கினேன். பாதி வழியில்தான் குறிப்பு எழுதிய நோட்டை சீட்டிலேயே விட்டது தெரிந்தது. திரும்பி வந்தால் டெக்கில் என் கேசட் இல்லை. கண்டக்டர் பஸ் ஸ்டாண்டு ரிக்கார்டிங் கடையிலிருந்து அதைக் கையில் பிடித்தபடி நிதானமாக வந்தார்.

"இத எங்க கொண்டு போனீங்க?"

"பதியறதுக்குத்தானுங்க. நீங்க டிபன் சாப்புட்டு வாரதுக்குள்ள கடைக்காரரு ஒண்ணு எடுத்துப்போட்டுக் குடுத்துருவாருங்க. நீங்க கொண்டாந்த பாட்டு அத்தனையும் நம்ம வண்டியில இருக்குதுங்க. அம்மன் பாட்டு ரெண்டும் பொம்பளைங்க கேட்டுக் கேட்டுப் போடச் சொல்றாங்க."

பெருமையாகத்தான் சொன்னார். கேசட் பெட்டியைத் திறந்தும் காட்டினார். அம்மன் பாட்டு இரண்டாவதின் மூன்றாவது பாட்டைப் போடச் சொன்னேன். ஆளில்லாத பஸ்ஸில் நின்று எண்ணினேன். ஐந்து.

அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. நண்பர் சாயந்திரம்தான் கேசட் வாங்க வருவார் என்பதால், அன்று காலையில் பஸ்ஸில் கேட்க அவருடையதையே எடுத்துப்போயிருந்தேன். பல் விளக்கியதை யாராவது ஞாபகம் வைத்துக்கொள்வார்களா? பஸ்ஸும் எனக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. பஸ்ஸுக்குப் போன கேசட் ஒவ்வொரு தடவையும் பத்திரமாக என் கைக்குத் திரும்பியது, அதனால் அதைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை. ரிக்கார்டிங் கடைக்காரர் பஸ்ஸுக்கு ஒன்று பதியும்போது தனக்கும் ஒன்று பதிந்து சந்தைக்கு அனுப்பியிருக்கிறார். முந்தைய பாட்டுகளையும் பதிந்திருப்பார், திருடி விற்கிற அளவுக்கு அவை தேறவில்லை, அவ்வளவுதான்.

நேராக நண்பர் காயில் கட்டும் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கேசட்ட ஊட்ல போட்டுக் கேட்ட அன்னிக்கே தெரியுமுங்க. நான் அடிச்சது நாலுதானுங்களே. அஞ்சாவது எதுக்குன்னு யோசிச்சேன், புரிஞ்சுபோச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தனுங்க."

கணக்குப் பார்த்தேன். தெரிந்த பிறகும் மூன்று ஞாயிறு வந்து எனக்கு வாசித்திருக்கிறார். "மத்தவங்களுக்கும் வெச்சேனுங்க, உங்களுக்கு மட்டுமில்ல" என்றேன். அதைச் சமாதானமாகச் சொன்னேனே, அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். அவர் அடுத்த காயிலை எடுத்துக் கட்டத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு கீபோர்டோடு வந்தார். அந்தப் பெண்ணின் மூன்றாவது கேசட், அட்டையில் பாடியவர் பேரோடு, முதலில் எங்கள் கையிலிருந்தே வெளியானது. நண்பர் ஸ்டுடியோவை மூடும்வரை என்னோடு வேலை செய்தார். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கலந்து முடித்த கேசட்டை நீட்டினால், "நீங்களே வெச்சுக்குங்க" என்பார். வேலை முடிந்ததும் கீபோர்டைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார். சாவியை எத்தனையோ தடவை கொடுத்துப் பார்த்தேன், வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வர எவ்வளவு நேரமானாலும் பட்டறை வாசலில் வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். நான் பூட்டைத் திறந்து, உள்ளே வாங்க என்று கூப்பிட்ட பிறகுதான் வருவார்.