லேப்டாப்புக்குத் தெளித்த தீர்த்தம்

சாமி காரியத்தில் செய்த தப்பாயிற்றே என்று, இதை எழுத மூன்று வருசமாகத் தயங்கிக்கொண்டிருந்தேனுங்க.

என் மகள் பதினொன்றாவது படித்தபோது ஓர் அறக்கட்டளைக்காரர்கள், தருமமாக வந்த பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து, எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அவள் இரண்டு வருசம் ஏங்கி வாங்கியது. அந்த வாரமே ஆயுத பூஜை. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் தையல் மெஷின் பக்கத்தில் அதையும் திறந்து வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, கொடுமுடிக் காவிரித் தீர்த்தத்தைக் கை நிறையத் தெளித்தேன். திரை அணைந்துபோச்சு.

"ஏம்மா, பொட்டு வெச்சாப் பத்தாதா? குளிக்கவும் வெக்கோணுமா?" என்று அழுதாள். அப்புறம் என்னோடு பேசவே இல்லை. "கண்ணு, ஒரு வாய் சாப்பிடு" என்றால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அறக்கட்டளைக்கே தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த அம்மணி, "எங்கம்மாவும் மிக்ஸிக்கு இப்படித்தானுங்க செஞ்சுபோட்டாங்க, பயப்படாதீங்க" என்று சிரித்தார். நாலு நாள் காயவைத்து, பட்டன் பலகையை மாற்றிக் கொடுத்தார்.

"அம்மா, வந்து பாரு, திரை எரியுது!" என்று மகள் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன்.

இப்போதெல்லாம் பொட்டு லேப்டாப் பைக்கு. தீர்த்தம் பிள்ளை தலைக்கு. போன பூஜைக்கு அவள் காலேஜ் விடுதியிலிருந்து வர முடியவில்லை. தெளிக்கத் தலையில்லாமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இதைப் படிக்கிற நீங்க, லேப்டாப் வாங்கும் தாய்மார்களிடம் இதைச் சொல்லுங்க. என் தப்பைக் குறைக்காமல், அப்படியே சொல்லுங்க.