மலைக்கு முதுகு காட்டியவள்

பச்சையம்மாள் எப்படி வக்கீலானாள் என்று திருவண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மூர்த்தி சார் டுட்டோரியலில் படித்தாள், அவர் தயவில் ஆளானாள் என்பார்கள். சுத்தப் பொய். அங்கே படித்தாள் என்பது மட்டும் நிஜம். ஆளானது அவர் தயவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு. இந்தப் பொய் ஊரெல்லாம் பரவியதில் என் கையும் இருக்கிறது. அதனால் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். என் பெயர் சுருதி.

தொண்ணூற்று ஒன்பதில் நாங்கள் இருவரும் பிளஸ் டூ. என் வீடு வேங்கிக்கால். அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீசில் கிளார்க் வேலை. அவள் வீடு அடி அண்ணாமலை. அவள் அப்பா கண்ணாயிரம் கிரிவலப் பாதையில் சுண்டலும் சுக்குக் காபியும் விற்றார். பெங்களூர்ப் பக்கம் ஒரு சட்டப் பள்ளி இருக்கிறது, அஞ்சு வருஷப் படிப்பு, நுழைவுத் தேர்வு எழுதித்தான் உள்ளே போக முடியும் என்று எங்களுக்கு யாரோ சொன்னார்கள். எனக்கு அது ஆசை. அவளுக்கு அது வெறி. பாதையோரக் கடையை எடுக்கச் சொல்லி ஒருநாள் அவள் அப்பாவிடம் இங்கிலீஷில் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைப் படித்துப் பொருள் சொல்ல அந்தத் தெருவில் ஓர் ஆள் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பிடித்தது அந்த வெறி.

அந்தத் தேர்வுக்கு எங்கள் ஊரில் சொல்லிக்கொடுத்தவர் மூர்த்தி சார் ஒருவர்தான். தேரடித் தெருவில் பாத்திரக் கடைக்கு மேல் மாடி, இருபது பேர், நான்கு பெஞ்சு. தேர்வில் லாஜிக் என்று ஒரு பகுதி வரும். ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் ஓரத்தில் உட்கார மாட்டார். சிவப்புச் சட்டைக்காரன் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார மாட்டான். அப்படியென்றால் மூன்றாவது ஆள் யார்? இதைப் படிப்பவனுக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால் சட்டப் பள்ளியில் சேரலாம்.

பச்சையம்மாள் தமிழ் மீடியம். கைடில் இருந்த இங்கிலீஷ் அவளைப் பார்த்து முறைக்கும். அவள் திருப்பி முறைப்பாள். டாக்டரையும் சிவப்புச் சட்டையையும் தூக்கிப் போட்டுவிட்டு, தன் கடை வரிசை ஆட்களைப் புதிருக்குள் உட்கார வைத்துவிடுவாள். "டாக்டர் எனக்கு யாருன்னு தெரியாதுடி. இட்லிக் கடை முருகையன்னு வெச்சிக்கோ. அந்தாளு ஓரத்துல உக்கார மாட்டாருன்னு எனக்கே தெரியும்" என்பாள். நான் பாதிக் கணக்கில் தடுமாறும்போது அவள் விடையை வட்டம் போட்டிருப்பாள்.

மூர்த்தி சார் கெட்டவர் இல்லை. கணக்கில் புலி. இந்தப் புதிர்களுக்கு அவரே ஒரு கைடு எழுதி, மஞ்சள் அட்டை போட்டு, உள்ளூர் அச்சகத்தில் அடித்து வைத்திருந்தார். வட்ட மேசைப் புதிர் வந்தால் போதும், குரலே மாறிவிடும். "மேசைதான் நம்ம மலைன்னு வெச்சிக்கோங்க. சுத்தி உக்காந்திருக்கற எட்டுப் பேரு எட்டு லிங்கம். நாம கிரிவலம் போற பக்கந்தான் கடிகார முள்ளு போற பக்கம். மலையப் பார்த்து நின்னா, அடுத்த லிங்கம் உன் இடது கைப் பக்கம். இத மறந்தவன் இந்த ஊர்க்காரனே இல்ல" என்பார். நாங்கள் ஒருவரும் மறக்கவில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் கை விரலை ஆட்டிப் பார்க்கிற இடத்தில் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு இடது என்று எழுதினோம்.

மாசி மாதப் பௌர்ணமி அன்று மத்தியானமே நான் பச்சையம்மாள் கடைக்குப் போயிருந்தேன். நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். அது தெரிந்து கண்ணாயிரம் அப்பா வெளிச்சம் இருக்கும்போதே சுண்டலைக் கட்டி என் கையில் கொடுத்தார். அவர்கள் கடை பாதைக்கு உள் பக்கம், மலையை ஒட்டி. கடைக்குள் உட்கார்ந்தால் மலை முதுகுக்குப் பின்னால் இருக்கும். தின்றுகொண்டே ஜனங்களைப் பார்த்தேன். என் இடது கைப் பக்கமிருந்து வந்து வலது கைப் பக்கமாகப் போனார்கள். நான் சுண்டலை வாயில் போடாமல் பச்சையம்மாளைப் பார்த்தேன்.

"இன்னாடி, இப்பதான் தெரியுதா?" என்றாள். "மலையப் பார்த்து நிக்கறவனுக்கு இடது. மலைக்கு முதுக காட்றவனுக்கு வலது. எதிர்க் கடை கரும்பு ஜூஸ்காரரு மலையப் பார்த்து உக்காந்திருக்காரு, அவர கேட்டா மாத்தி சொல்வாரு. கைடுல எழுபத்தி நாலாம் பக்கம் ஒரு கணக்கு இருக்குது பாரு. எட்டு வக்கீலு வட்டமா, வெளியே பார்த்து உக்காந்திருக்காங்க. கடிகார முள்ளு போற பக்கம் அடுத்த ஆளு எந்த கைப் பக்கம்னு கேள்வி. அதுக்கும் சாரு இடதுன்னுதான் விடை போட்டிருக்காரு. தப்பு."

"சார்கிட்ட சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? நேரம் வரட்டும்."

நேரம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. சாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சட்டப் பள்ளியின் விண்ணப்பப் படிவங்களை அவரே மொத்தமாக வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருப்பார். அவர் நடத்தும் மாதிரித் தேர்வில் நூற்றுக்கு அறுபது எடுத்தவர்களுக்குத்தான் படிவம். அவர் கையெழுத்து இல்லாமல் படிவம் செல்லாது என்றும் வகுப்பில் ஒரு பேச்சு இருந்தது. கீழே எடுத்தவர்கள் தேர்வு எழுதித் தோற்றால் டுட்டோரியலுக்குக் கெட்ட பெயர் என்பது அவர் கவலை. அந்த மாதிரித் தேர்வில் எழுபத்தி நாலாம் பக்கத்துக் கணக்கே வந்தது. ஒரு வட்டம், நான்கு கேள்விகள், நான்கு மார்க். வெளியே பார்த்து உட்கார்ந்தவர்களுக்கும் இருபது பேரில் பத்தொன்பது பேர் இடது என்று எழுதினோம். ஆமாம், நானும்தான். வலது என்று தெரிந்தும், சார் திருத்துவது கைடை வைத்துத்தானே என்று எழுதினேன்.

மார்க் வாசித்தார். எனக்கு அறுபத்து மூன்று. பச்சையம்மாளுக்கு ஐம்பத்து எட்டு. அவள் எழுந்து நின்றாள்.

"சார், வட்டக் கணக்கு நாலும் நான் போட்டதுதான் சரி. கைடுல தப்பா இருக்குது."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "கைடு எழுதுனது யாரு?"

"நீங்கதான் சார். அதான் உங்ககிட்ட சொல்றேன்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். சாரின் முகம் மாறியது. அவள் விடவில்லை. "வெளியே பார்த்து உக்காந்தா அடுத்த ஆளு வலது கைப் பக்கம் வருவான் சார். நான் தினமும் கடையில பாக்கறேன். நீங்களே எழுந்து, அந்த ஜன்னலுக்கு முதுக காட்டி நின்னு பாருங்க."

ஜன்னலில் மலை முழுசாகத் தெரியும். அதற்கு முதுகைக் காட்டக் கூடாது என்று சார் மாடிப்படியில் கூடப் பக்கவாட்டில் இறங்குகிறவர். "முப்பது வருஷமா மலைக்கு முதுகு காட்டாதவன் நான். நேத்து வந்த பொண்ணு, ஒரு கணக்குக்காக என்னைத் திரும்பி நிக்கச் சொல்றே" என்றார். வகுப்பே சிரித்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு பேசி ஜெயிக்க முடியுமா? அதுவும் அந்த மூன்று காலுக்கும் அவர் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "சுருதி, நீ நல்லா படிக்கற பொண்ணு. நீ சொல்லு. இடதா, வலதா?"

அறுபத்து மூன்றில் நான்கு போனால் ஐம்பத்து ஒன்பது. என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் எந்தக் கணக்கையும் போட்டதில்லை.

"இடது சார்" என்றேன்.

பச்சையம்மாள் என்னைத் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு எத்தனையோ நிம்மதியாக இருந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாருக்கும் கோபம் தணிந்துவிட்டது. "சரி, விடு. ஏதோ ஆசைப்படறே. தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கோ. ரெண்டு மார்க்கு கருணையா போட்டு ஃபாரம் தர்றேன்" என்றார். வகுப்பில் எல்லோரும் அவள் தலையாட்டுவாள் என்றுதான் காத்திருந்தோம்.

"கருணைய நான் சாமிகிட்ட கேட்டுக்கறேன் சார்" என்றாள். "உங்ககிட்ட கேட்டது என் மார்க்கு."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். தேரடிக்குப் பக்கத்தில்தான் பிடிக்க முடிந்தது.

"ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லி ஃபாரத்த வாங்கிக்கினு வந்திருந்தா இன்னா கொறைஞ்சிடும்? கடைசி தேதிக்கு ஆறு நாள்தான் இருக்குது."

"தப்ப சரின்னு சொல்லித்தான் வக்கீலுக்குப் படிக்கணும்னா, அந்த படிப்பு எனக்கு எதுக்கு?" என்றாள். "நீ கிளம்பு. சாரு பீரோவ தொறந்திருப்பாரு."

நான் போனேன். படிவம் வாங்கினேன். வெட்கமாக இருந்தது என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தபாலில் படிவம் கேட்டு எழுத அவளுக்கு நாள் இல்லை. நேரில் போய் வாங்கி, அங்கேயே நிரப்பிக் கொடுத்தால்தான் உண்டு. யாருமே அவர்கள் வீட்டில் அதுவரை பெங்களூர் போனதில்லை. கடைசித் தேதிக்கு முந்தைய நாள் பங்குனிப் பௌர்ணமி. அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் மாதம். மற்ற இருபத்தொன்பது நாளும் ஈ ஓட்டுவதுதான். அந்த நாளில் கடையைத் திறக்காதவன் அந்த வரிசையிலேயே கிடையாது. வீட்டில் சாவு விழுந்தால் கூடப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

கண்ணாயிரம் அப்பா கடையைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டினார். முருகையன் ஓடிவந்து, "இன்னாண்ணே, பௌர்ணமியும் அதுவுமா கடைய மூடறே?" என்று கேட்டாராம்.

"பௌர்ணமி அடுத்த மாசமும் வரும்" என்றாராம் அவர். "பொண்ணுக்கு கடைசி தேதி வராது."

மகளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். மறுநாள் காலை சட்டப் பள்ளி ஆபீஸ் திறக்கும் முன்பே இருவரும் வாசலில் நின்றிருக்கிறார்கள். படிவத்தை வாங்கி, அங்கிருந்த மதில் மேல் வைத்து நிரப்பி, அதே ஜன்னலில் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினாள். படிவத்தில் மூர்த்தி சாருடைய கையெழுத்தைக் கேட்கிற கட்டமே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்ததாம். எங்கள் படிவங்களைச் சாரே நிரப்பி அனுப்பியதால் எங்களுக்கு அது தேர்வு முடிந்தும் தெரியவில்லை.

டுட்டோரியலிலிருந்து ஒன்பது பேர் போய் எழுதினோம். ஒன்பது பேருக்கும் கிடைக்கவில்லை. பச்சையம்மாள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. ஜூலையில் யாரோ விலகி, இடம் வந்தது. இங்கிலீஷ் தெரியாமல் அங்கே போய் முதல் வருஷம் என்ன பாடுபட்டாள் என்பது தனிக் கதை. ஒரு பேப்பரில் பெயிலாகி, திரும்ப எழுதிப் பாஸ் செய்தாள். நான் உள்ளூரில் பி.காம். சேர்ந்தேன். சாயங்காலத்தில் டுட்டோரியலுக்கே வந்து பேப்பர் திருத்தும் வேலை பார்த்தேன். சார் கூப்பிட்டார், போனேன். அவர் சொல்கிறதற்குத் தலையாட்டுவது எனக்கு ஏற்கெனவே பழக்கம்தானே.

இரண்டாயிரத்து ஒன்றில் சார் கைடை மறுபடி அச்சிட்டார். அட்டையில் பச்சையம்மாளின் படம். கீழே, 'எங்கள் மாணவி, எங்கள் பெருமை.' படத்தைக் கொடுத்தவள் நான். பள்ளிக்கூடக் குரூப் போட்டோவிலிருந்து வெட்டிக் கொடுத்தேன். கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோடை விடுமுறைக்கு வந்தவள் கடைத்தெருவில் அதைப் பார்த்திருக்கிறாள். நேராக மாடி ஏறி வந்தாள். புது வகுப்பு நடந்துகொண்டிருந்தது, முப்பது பிள்ளைகள். நான் மூலையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். சார் முகமெல்லாம் சிரிப்பு. "வாம்மா, வா. பாருங்கடா, அட்டையில இருக்காங்களே, அவங்கதான்" என்றார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

அவள் கைடைப் பிரித்து மேசை மேல் வைத்தாள். "படத்த கேக்காம போட்டீங்க. அது கூட போவட்டும் சார். எழுபத்தி நாலாம் பக்கத்த ஏன் மாத்தல? என் மூஞ்சிய பார்த்து வாங்கறவ உள்ள இருக்கறத நம்புவாளே."

"இன்னுமா அத பிடிச்சிக்கினு இருக்கே?"

"இன்னுந்தான் சார். விடைய மாத்துங்க, இல்ல படத்த எடுங்க. ரெண்டும் ஒரே புத்தகத்துல இருக்கக் கூடாது. படிப்பு முடிய மூணு வருஷம் இருக்குது. முடிச்சிட்டு நானே நோட்டீஸ் அனுப்புவேன்."

பிள்ளைகள் முன்னால் சாருக்கு முகம் வெளிறிவிட்டது. என்ன இருந்தாலும் வயசானவர், எனக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என்னைக் கண்டுபிடித்தார். பச்சையம்மாளிடம், "உன் கூட படிச்சவதானே இவ. அன்னிக்கும் இவதான் சொன்னா" என்றார். பிறகு என்னிடம், "சுருதி, இந்தப் பிள்ளைங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லும்மா. இடதா, வலதா?"

இந்த முறை எனக்குப் போவதற்கு மார்க் இல்லை, வேலை இருந்தது. எழுந்து நின்றேன்.

"வலது சார்" என்றேன். "அன்னிக்கும் வலதுதான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இடதுன்னு சொன்னேன்."

சார் உட்கார்ந்துவிட்டார். பச்சையம்மாள் என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் நன்றியும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"இத சொல்ல உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சாடி?" என்றாள்.

"ஆச்சு" என்றேன்.