மார்டிமர் வாரிசைக் கடத்திய ஆன்ட்டி

போன சனிக்கிழமை எப்சம் பக்கத்துப் பூங்கா ஒன்றில், ராஜா காலத்து வேஷம் போட்டு நடத்தும் பழைய இங்கிலாந்துத் திருவிழா. பள்ளியில் அட்டைக் கோட்டை செய்த நாளிலிருந்து ஆறு வயது மகள் மித்ரா ஒரே நச்சரிப்பு. கணவருக்கு வேலை. கூட்டம், கத்தி, முகத்தை மறைத்த ஆட்கள்... எனக்கு மனசே இல்லை. ஆனாலும் கிளம்பினோம்.

எங்கள் தகனினி ஸ்டேஷனில் ரயில் ஏறி, நியூமார்க்கெட்டில் இறங்கி பஸ். ஒன்றேகால் மணி நேரம். ரயிலில் வழக்கமான பாடம் நடத்தினேன்.

"தெரியாதவங்க கூப்பிட்டா?"

"நோ சொல்லணும்."

"சாக்லேட் குடுத்தா?"

"அம்மா, ஐ நோ!"

நுழைவு பன்னிரண்டு டாலர், பிள்ளைகளுக்கு இலவசம். வாசலில் இரும்புச் சட்டைக்காரர் ஒருவர் பிள்ளைகளுக்குக் காகிதக் கிரீடம் வைத்து, பெயர் கேட்டார். எதற்காம்? நாடகத்துக்காம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "லில்லி" என்றேன்.

"அம்மா, தட்ஸ் எ லை," என்றாள் மித்ரா, சத்தமாக.

பதினோரு மணிக்கு மார்டிமர் குடும்பத்தின் கதை. ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய மூத்த சித்தப்பாவின் மகள் வழியில் வந்த மார்டிமர் வீட்டுப் பையன்களுக்குத்தான் அடுத்த உரிமை. ஆனால் இளைய சித்தப்பாவின் மகன் படையோடு வந்து முடிசூட்டிக்கொண்டு, பையன்களைக் கோட்டையில் வைத்துவிட்டான். பாதுகாப்புக்காம்! பிறகு ஒரு சீமாட்டி அவர்களைக் கடத்திப் போகிறாள். அதுவும் அவர்கள் நன்மைக்காம். நான் இரண்டு பேரையும் நம்பவில்லை.

மூத்த பையனாக நடிக்க மித்ராவைக் கூப்பிட்டார்கள். நாடகக் கோட்டையைச் சுற்றிக் கட்டிய கயிற்றை ஒட்டியே நின்றேன். தண்ணீர் பாட்டிலை மூடக் குனிந்து நிமிர்ந்தால், கோட்டை காலி.

பக்கத்திலிருந்த கூடாரத்துக்குப் பின்னால் ஓடினேன். கறுப்பு அங்கி போட்ட ஒருத்தி மித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறாள். இவளும் குதித்துக்கொண்டே போகிறாள்! மறு கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க அவள!" அவசரத்தில் தமிழில்தான் வந்தது.

"ஐயோ, பயப்படாதேங்கோ. நான்தான் நாடகத்தில கடத்திற சீமாட்டி."

"நீங்க தமிழா?"

"ஓம். பிள்ளையோட தமிழில கதைச்சனான், உடனே வந்திட்டா."

மித்ரா முறைத்தாள். "அம்மா, இவங்க ஆன்ட்டி. நாட் எ ஸ்ட்ரேஞ்சர்."

அவள் மேல் என்ன தப்பு? கோயிலில், பிறந்தநாள் வீடுகளில், தமிழ் பேசும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் "ஆன்ட்டிகிட்ட போ" என்று தள்ளிவிட்டது நான்தானே.

அதற்குள் நாடகத்துப் புது ராஜாவின் வீரர்கள் துரத்தி வந்து, என்னைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். யார் இது என்றார் ஒருவர்.

"அம்மா," என்றார் சீமாட்டி. என்னிடம் திரும்பி, "எங்கட கதையில அம்மாவே இல்லை. அதுதான் முழிக்கினம்."

கூட்டம் கைதட்டியது. "ஐ வாஸ் ஆல்மோஸ்ட் கிங்," என்று மித்ரா அழுதாள். அந்தப் பெண் நல்லவராகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் அவர் என் ஃபோன் நம்பர் கேட்டபோது நான் கொடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: எப்சமில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, ரயிலே நல்லது. தொப்பி அவசியம். பிள்ளையை நாடகத்தில் சேர்த்தால், எந்தப் பக்கம் கூட்டிப்போவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திரும்பும் ரயிலில் பாடத்தை மாற்றினேன்.

"தெரியாதவங்க தமிழ்ல கூப்பிட்டா?"

கிரீடத்தைச் சரிசெய்தபடி யோசித்தாள். "பேர் கேக்கணும்."

"சொன்னா?"

"லில்லின்னு சொன்னா நம்பக் கூடாது."