உள்ளே ஒரு அம்மணி இருக்குது

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆனைமலைப் பக்கம் அக்காவின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். காரை நிறுத்தியதுமே டிரைவர் நெளிந்தார். தென்னைகளுக்கு நடுவே தெரிந்த சின்னக் கழிப்பறையைக் காட்டினேன். போய்விட்டு வந்தவர் கேட்டார்:

"ஏனுங்க மேடம், இவ்வளவு பெரிய ஊட்டைக் கட்டிப்போட்டு, பாத்ரூமை மட்டும் எதுக்குங்க தோப்புக்குள்ள கொண்டுபோய் வெச்சிருக்கறாங்க?"

"வீட்டுக்குள்ளயும் இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னேன். மீதியை அவரிடம் சொல்ல வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அக்கா எனக்கு ரொம்ப மூத்தவள். ஊரறிந்த மரியாதைக்காரி. செடியை மேய வரும் ஆட்டைக்கூட "போங்க சாமி, அந்தப் பக்கம் போங்க" என்றுதான் விரட்டுவாள். அவளுக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது. அப்புறம் பெயர்கள். அப்புறம் முகங்கள்... மரியாதை மட்டும் மறக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

ஒருநாள் பாத்ரூம் வாசலில் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது.

"ஏனக்கா இங்க நிக்கறே?"

"சத்தம் போடாத கண்ணு. உள்ள ஒரு அம்மணி இருக்குது. அது வரட்டும்."

எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. வாஷ்பேசினுக்கு மேலே கண்ணாடி... அவ்வளவுதான். எனக்கு விஷயம் புரிவதற்குள் அவள் காலடியில் தரை நனைந்துவிட்டது. "யாரோ தண்ணி ஊத்திப்போட்டாங்க பாரு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கே மாமா — அக்காவின் வீட்டுக்காரர் — கண்ணாடியைக் கழற்றினார். தீர்ந்ததா? இல்லை. பளபள டைல்ஸில் அந்த அம்மணி தெரிந்தாள். டைல்ஸ் மேல் பேப்பர் ஒட்டினார். அதற்குள் அக்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வீட்டுக்குள் யாராவது 'போவார்களா'? சின்ன வயதில் நாங்கள் போனதுபோல அவள் தோப்புக்குள் நடக்க ஆரம்பித்தாள்.

அந்தத் தடம் போய் முடிகிற இடத்தில் கிணறு. சுற்றுச்சுவர் பாதி சரிந்த பழைய கிணறு. ஒரு விடியற்காலையில் அவள் அதன் விளிம்பில் உட்கார்ந்திருப்பதை மாமா பார்த்தார். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ என்று, மூச்சுக்கூட விடாமல் பின்னால் போய்த் தோளைப் பிடித்தாராம். இதை அவர் எனக்குப் போனில் சொன்னார்.

கிணற்றுக்குக் கம்பி வலை போடச் சொன்னார். ஆள் வரும்வரை? வெளிநாட்டிலிருக்கும் மகன், "கதவைப் பூட்டி வைங்கப்பா, டயபர் போடுங்க" என்றான். தப்பில்லை. நானும் அதைத்தான் நினைத்தேன்.

பூட்டினார்கள். அக்கா டயபரைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கதவைத் தட்டினாள். "ஏனுங்க... யாராச்சும் இருக்கறீங்களா? அவசரமுங்க. கொஞ்சம் தொறந்து உடுங்க, கும்பிடறேனுங்க..."

அவள் வீடு. அவள் கதவு. மாமா பூட்டைத் திறந்துவிட்டுக் கொத்தனாருக்குப் போன் போட்டார்.

"ஊட்டை ஒட்டியே கட்டிப்போடலாமுங்க, பைப்பு வேலை கம்மி" என்றார் கொத்தனார்.

"வேண்டாமுங்க. அவ நடக்கற தடத்துல கட்டோணும். கிணத்துக்கு முன்னாடியே வந்தறோணும்" என்றார் மாமா.

சிமெண்ட் கல் சுவர். தகரக் கூரை. கிணற்றிலிருந்து தள்ளி, சிமெண்ட் உறை இறக்கிய கழிவுக் குழி. வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தால் அவள் கண்ணுக்கு அது நாற்காலி. அதனால் குத்த வைத்து உட்காருவதுதான் — முட்டிவலிக்காக இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. டைல்ஸ் கிடையாது, சொரசொர தரை. போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் போனால் என்று உள்தாழ்ப்பாளும் கிடையாது.

வேலை முடிந்த அன்று நானும் இருந்தேன். அக்கா தடத்தில் நடந்து வந்தாள். கதவருகே நின்றாள். மாமாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, உள்ள யாராச்சும் இருக்கறாங்களா?"

"யாருமில்லீங்க. நீங்க போங்க" என்றார் மாமா.

"தாப்பாள் இல்லீங்களே..."

"நான் காவலுக்கு நிக்கறேனுங்க."

"போயிர மாட்டீங்களே?"

"எங்கீங்க போறேன்? இங்கயேதான் இருப்பேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து 'ஏ புள்ள' என்று கூப்பிட்டவர். முதுகைத் திருப்பிக்கொண்டு தென்னைகளைப் பார்த்து நின்றார். தான் நிற்பது உள்ளே தெரிய வேண்டுமே — மழை வருமாட்ட இருக்குதுங்க, தேங்காய் வெலை எறங்கிப்போச்சுங்க என்று எதையோ பேசிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்த அக்காவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நல்ல மனுசரு கண்ணு. யாரு ஊட்டு ஆளோ தெரியல. இவரு சம்சாரம் குடுத்து வெச்சவ."

மாமாவுக்கும் கேட்டது. மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். மோட்டார் அப்போது ஓடவே இல்லை.

ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. குடையைப் பிடித்துக்கொண்டு அவர் வெளியே, அவள் உள்ளே. பிறகு ஒருநாள் அக்கா கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. கால்களுக்கும் மறந்துவிட்டது போலிருக்கிறது. இப்போது டயபர்தான். பிய்த்து எறியக் கைகளில் தெம்பில்லை.

அந்தக் கழிப்பறையைத் தேங்காய் போட வருகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். தினமும் மாமாதான் கழுவி விடுகிறார். ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றேன். "இருக்கட்டும் அம்மணி" என்றார்.

ஞாயிறன்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்குத் துணி மாற்ற வந்தார். அவள் கண்கள் மோட்டுவளையில் இருந்தன. "கொஞ்சம் திருப்பிப் படுக்க வெக்கட்டுங்களா?" என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் இப்போது வரன் பேச்சில் பெண் வீட்டார் முதலில் கேட்பது, "ரூமுக்கு அட்டாச்டு பாத்ரூம் இருக்குதுங்களா?" கேட்கட்டும், நல்லதுதான். வாசலில் காவலுக்கு நிற்பானா என்று யாரும் கேட்பதில்லை — கேட்டாலும், அந்த வயசில் எந்த மாப்பிள்ளைக்குப் பதில் தெரியும்?