நாலு டிகிரிதான் என்று சொன்னேன்

சாந்தினி அக்காவின் இன்சுலினைக் கெடுத்தவள் நான்தான். கெட்டிருக்கும் என்று தெரிந்தும், அதை அவர் தம் உடம்பில் ஏற்றிக்கொள்ளும்படி விட்டேன். கேட்டபோது பொய் சொன்னேன். அவரிடமும் சொன்னேன், மருத்துவரிடமும் சொன்னேன்.

மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. என் கணவர் முரளிக்குக்கூட இது தெரியாது. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்... ஏனென்றால் உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் அக்காவைப் போல ஹில்ஸ்பரோவில் குடியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேநீருக்கு அழைப்பதும் இல்லை.

சாந்தினி அக்காவை நான் நீச்சல் குளத்தில் சந்தித்தேன். வளர்ந்தவர்களுக்கான நீச்சல் வகுப்பு அது. முப்பது வயதைத் தாண்டியும் தண்ணீரில் முகத்தை முக்கத் தெரியாத இரண்டு தமிழ்ப் பெண்கள், குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். நான் திருச்சிக்காரி, நகரின் வடக்கே ஆல்பனியில் ஓர் அலுவலகத்தில் மின்பொறியாளர். அவர் யாழ்ப்பாணம், மழலையர் பள்ளியில் ஆசிரியை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். கோடை முடிவதற்குள் நாங்கள் நீந்தப் பழகிவிட்டோம். நெருங்கியும்விட்டோம்.

பதினோரு வயதிலிருந்து அவருக்குச் சர்க்கரை நோய். அவர் உடலில் இன்சுலின் சுரப்பதே இல்லை. ஊசி இல்லாவிட்டால் உயிர் இல்லை. ஆனால் அதைப் பற்றி அவர் அலட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. தட்டில் இருக்கும் சோற்றை ஒரு கணம் பார்ப்பார், மனத்துக்குள் கணக்குப் போடுவார், பேனா போன்ற அந்த ஊசியை வயிற்றில் குத்திக்கொள்வார், பேச்சைத் தொடர்வார். "இவ்வளவு வருசத்தில ஒரு நாள் கூட நான் ஆஸ்பத்திரியில கிடக்கேல்லை" என்று ஒருமுறை சொன்னார். அந்தக் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது.

எனக்கும் ஒரு பெருமிதம் இருந்தது. என் வேன்.

பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றி, கட்டில் போட்டு, பேட்டரி வைத்து, மடிக்கும் சோலார் பேனலை இணைத்து, அதில் ஓடும் சிறிய ஃப்ரிட்ஜ் ஒன்றையும் பொருத்தியிருந்தேன். வயர் ஒவ்வொன்றும் என் கையால் இழுத்தது. பிளாக்ஹவுஸ் பே பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் வார இறுதிகளை எல்லாம் அதற்குள்ளேயே கழித்தேன். முரளிக்கு அது வேடிக்கை. "எம்.இ. படிச்சிட்டு, தயிர் புளிக்காம பாத்துக்கிற வேலையா?" என்பார். ஓர் ஐஸ் பெட்டி போதும் என்பது அவர் கட்சி.

இந்த நாட்டில் ஜனவரிதான் கோடை. அந்த ஜனவரியில் நாங்கள் நால்வரும், அதாவது நானும் முரளியும் சாந்தினி அக்காவும் அவர் கணவர் ரூபன் அண்ணாவும், நகருக்கு வடக்கே கடலோரப் பூங்கா ஒன்றில் நான்கு நாள் முகாம் போவதாக ஏற்பாடு. அங்கே மின்சாரம் கிடையாது. கைப்பேசிக்குச் சமிக்ஞையும் கிடையாது.

மருந்தைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள, தண்ணீரில் நனைத்தால் குளிரும் துணிப்பை ஒன்று அக்காவிடம் இருந்தது. பல வருடங்களாக அதைத்தான் வைத்திருந்தார். பாதி மருந்தை அதில் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

"அட, எதுக்கு அக்கா? எல்லாத்தையும் என் ஃப்ரிட்ஜ்ல வைங்க. நாலு டிகிரி, அப்படியே நிக்கும்."

"நிச்சயமாத்தானே, வித்யா?"

"என் பொறுப்பு."

பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். என் பொறுப்பு என்று சொன்னவள் நான்... இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் வைத்திருக்கிறேன்.

முதல் நாள் முழுக்க மேகம். பேட்டரி பாதிகூட நிரம்பவில்லை. மறுநாள் விடிந்து பார்த்தால் ஃப்ரிட்ஜ் நின்று கிடந்தது, உள்ளே ஒன்பது டிகிரி. மருந்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் முரளி தேநீர்க் கோப்பையுடன் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், உங்க பவர் ஸ்டேஷன்ல கரண்ட் கட்டா?"

ரூபன் அண்ணா சிரித்தார். அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன். முகம் மட்டும் எரிந்தது.

அந்த இரண்டாம் நாள் வெயில் கொளுத்தியது. பதினோரு மணிக்கெல்லாம் பேட்டரி நிரம்பிவிட்டது. அதற்குமேல் வரும் மின்சாரம் வீண். இதற்கு ஓர் உபாயம் உண்டு: உபரி மின்சாரம் இருக்கும்போதே ஃப்ரிட்ஜை மிகவும் குளிரவைத்துவிட்டால், உள்ளே இருக்கும் பொருட்களே குளிரைத் தாங்கிக்கொள்ளும். இரவில் அது அதிகம் ஓட வேண்டியிராது, காலையில் நின்றும் போகாது. மதிய உணவு முடிந்து, அக்கா ஊசி போட்டுக்கொண்டு பேனாக்களை உள்ளே வைத்த பிறகு, நான் வெப்பநிலையை மைனஸ் பத்துக்குக் குறைத்தேன். ஒரு மணி நேரம் போதும், பிறகு வந்து நாலுக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

மருந்தை வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. கடற்கரைக்குப் போகும் மணல் பாதையில் பாதி தூரத்தில் வந்தது. திரும்பிப் போகலாமா என்று நின்றேன்கூட. "வாரும், வித்யா" என்று அக்கா கையை நீட்டினார். போனேன்.

கடலில் நாங்கள் இருவரும் நீந்தியது அதுவே முதல் முறை. கால் எட்டாத ஆழத்துக்குப் போய் மிதந்தோம். அவ்வளவு மகிழ்ச்சியாக நான் இந்த நாட்டில் இருந்ததில்லை. மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை.

துண்டு எடுக்க நான் மட்டும் முதலில் வேனுக்கு வந்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கறிவேப்பிலை கட்டை போல விறைத்திருந்தது. தண்ணீர்ப் பாட்டில் கல். பேனாக்கள் இரண்டையும் எடுத்தேன், புதிய குப்பிகள் இருந்த அட்டைப் பெட்டியையும் பிரித்தேன். கண்ணாடிக்குள்ளே எல்லாமே வெள்ளையாக உறைந்திருந்தது.

பெட்டியின் மேலேயே எழுதியிருந்தது, உறையவிடக் கூடாது என்று. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே படித்தேன்.

பிறகு செய்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது... எல்லாவற்றையும் துண்டில் சுற்றி, மடியில் வைத்து, உள்ளங்கைச் சூட்டால் உருக்கினேன். ஒரு கோழி அடைகாப்பது போல உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் பனி கரைந்து, பழையபடி தெளிவாக, தண்ணீர் போல ஆனது. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃப்ரிட்ஜை நாலுக்கு மாற்றி, ஈரம் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அவர்கள் வந்தபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாற்பது நிமிடம் ரூபன் அண்ணாவின் காரில் போய், பக்கத்து ஊர் மருந்துக் கடையில் கேட்டு வாங்கியிருக்கலாம். ஒரு மாலைப்பொழுது போயிருக்கும். முரளி இன்னொரு முறை சிரித்திருப்பார்... அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் ஓர் உயிரை அப்படி வைத்து விளையாடினேன்.

அன்று மாலை நான் கேசரி கிண்டினேன். அக்கா வழக்கம்போல அளந்து பார்த்து, ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு துண்டு சாப்பிட்டார். நான் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் அவர் விரலைக் குத்திப் பார்த்தார். சர்க்கரை மிக அதிகம். இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றினார். இரண்டு மணி நேரம் கழித்து அது குறைவதற்குப் பதில் ஏறியிருந்தது. மீண்டும் ஏற்றினார். தண்ணீராகக் குடித்தார்.

"இது ஏனெண்டு விளங்கேல்லை" என்று என் பக்கம் திரும்பினார். "ஃப்ரிட்ஜ் ஒழுங்காத்தானே வேலை செய்தது, வித்யா?"

ரூபன் அண்ணா பார்த்துக்கொண்டிருந்தார். முரளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா அக்கா. நாலு டிகிரிதான்."

அவர் உடனே தலையாட்டினார். என்னை நம்புவதற்கு அவருக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை.

"உமக்கு நேற்றே சொன்னனான், கேசரி வேண்டாம் எண்டு" என்றார் ரூபன் அண்ணா.

"அதுக்கும் சேர்த்துத்தான் ஊசி போட்டனான், ரூபன்."

"அப்ப ஏன் ஏறுது?"

அதற்கான பதில் என்னிடம் இருந்தது.

பதினோரு மணி வாக்கில் வாந்தி எடுக்கத் தொடங்கினார். நண்பகலில் மூச்சு மாறிவிட்டது. ஓடிவந்து நின்றவர் போல ஆழ்ந்து ஆழ்ந்து இழுத்தார். உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. பேச்சு குழறியது. ரூபன் அண்ணாவால் பதற்றத்தில் காரைக் கிளப்பவே முடியவில்லை. நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். சரளைக் கற்கள் நிறைந்த மலைப்பாதையில் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. சமிக்ஞை கிடைத்ததும் முரளி ஆம்புலன்ஸை அழைத்தார். பக்கத்து ஊரின் பெட்ரோல் நிலையத்தில் எங்களை எதிர்கொண்டார்கள்.

ஓட்டும்போது என்ன நினைத்தேன் என்று கேளுங்கள். அக்கா பிழைக்க வேண்டும் என்று நினைத்தேன், அது உண்மை. அவர் பிழைத்தால் யாரும் எதையும் தோண்ட மாட்டார்கள் என்றும் நினைத்தேன். அதுவும் உண்மை.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் எங்களிடம் வந்தார். ரத்தம் அமிலமாகியிருக்கிறது, இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் கடினம் என்றார். பிறகு கேட்டார்: இன்சுலின் எங்கே வைக்கப்பட்டிருந்தது? கடும் வெயில் பட்டதா? உறைந்துபோனதா?

எவ்வளவு தெளிவான கேள்வி. அந்த வார்த்தையையே சொல்லிக் கேட்டார்.

"என் ஃப்ரிட்ஜில் இருந்தது" என்றேன் ஆங்கிலத்தில். "நாலு நாளும் நாலு டிகிரி." நாங்கள் அங்கே இருந்தது இரண்டு நாள்தான். பொய்யிலும் எனக்குத் தாராளம் வந்திருந்தது.

அவர் எழுதிக்கொண்டார். மருந்தை எப்படியும் வீசிவிட்டுப் புதிதாகத் தருவோம் என்றார். உணவைப் பற்றி ரூபன் அண்ணாவிடம் கேட்டார். அவர் கேசரியைச் சொன்னார்.

நான் கழிப்பறைக்குப் போய்க் கைப்பேசியை எடுத்தேன். அந்த ஃப்ரிட்ஜுக்கு ஒரு செயலி உண்டு; உள்ளே இருந்த வெப்பநிலையை மணிக்கு மணி கோடாக வரைந்து வைத்திருக்கும். திறந்து பார்த்தேன். நேற்றைய மதியத்தில் அந்தக் கோடு கிணற்றுக்குள் விழுந்தது போலச் செங்குத்தாக இறங்கி, மூன்று மணி நேரம் அடியில் கிடந்து, மேலே ஏறியிருந்தது. அதை அழித்தேன். செயலியையும் நீக்கினேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீர் அப்பிடி ஓட்டாட்டி நான் இண்டைக்கு இல்லை" என்றார். ரூபன் அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முரளி என் தோளில் கை வைத்தார். வேனைப் பற்றி அதன்பிறகு அவர் ஒருபோதும் கேலி பேசவில்லை.

நான் அந்தப் புகழை வாங்கிக்கொண்டேன். இதைவிட வெட்கக்கேடு எதுவும் என் வாழ்வில் இல்லை.

உயிர் பிழைத்துவிட்டாரே, இன்னும் ஏன் புலம்புகிறாய் என்று தோன்றலாம். பிழைத்தவர் பழைய சாந்தினி அக்கா இல்லை. ரூபன் அண்ணா நல்லவர்தான். பயந்துபோனார். அந்தப் பயத்தில் அக்காவின் தட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கினார், குப்பைக் கூடையில் இனிப்புக் காகிதம் கிடக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். "இவவுக்கு வாயைக் கட்டத் தெரியாது, செத்துப் பிழைச்சவ" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். அக்கா முதலில் மறுத்துப் பேசினார். பிறகு பேசாமல் இருந்தார். இப்போது பரிமாறும் முன் ரூபன் அண்ணாவின் முகத்தைப் பார்க்கிறார். நீந்த வருவதையும் நிறுத்திவிட்டார். நடுத் தண்ணீரில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்கிறார்.

அவருடைய உடம்பும் அவருடைய கணக்கும் சரியாகத்தான் இருந்தன. அது எனக்கு மட்டுமே தெரியும். ஒரு வாக்கியம் போதும்... எத்தனை முறை காரில் ஒத்திகை பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் அதைச் சொல்லாமலே உள்ளே போய்விடுவேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குத்தான் இப்போது அஞ்சுகிறேன்.

போன ஞாயிறு அவர்கள் வீட்டில் இருந்தேன். ஆண்கள் முன்னறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அக்காவும் சமையலறையில். கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார்.

"வித்யா, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லும். நீர் பக்கத்தில இருந்தனீர்தானே. அண்டைக்கு நான் கேசரி ரெண்டு துண்டுதானே சாப்பிட்டனான்? இல்லாட்டி, கதைச்சுக் கதைச்சுக் கூடச் சாப்பிட்டிட்டனோ? ரூபன் சொல்லிச் சொல்லி எனக்கே இப்ப சந்தேகமாக் கிடக்கு."

அவர் கண்கள் என் முகத்திலேயே இருந்தன. கதவு மூடியிருந்தது. வேறு யாரும் இல்லை.

"அதெல்லாம் இப்ப எதுக்கு, அக்கா" என்றேன். "விடுங்க."

அவர் அதிகம் சாப்பிடவில்லை என்று நான் சொல்லாததை அவர் கவனித்தார். மெதுவாகத் தலையாட்டினார்.

"அப்ப நான்தான்" என்றார்.

மறுபடி குழாயைத் திறந்தார். அவர் கழுவிக் கொடுத்த கோப்பைகளை நான் ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து வைத்தேன்.