ஜப்பான் சாரின் தலைமுடி

வாடிக்கையாளரின் கழுத்தில் சவரக் கத்தியை வைத்துக்கொண்டு, "மன்னிக்கவும், ரயில் நிலையம் எந்தப் பக்கம்?" என்று ஜப்பானிய மொழியில் கேட்கிறார் மாஸ்டர். நாற்காலியில் இருப்பவர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறார். கேள்வி அவருக்கில்லை. மாஸ்டரின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியில், மொழி கற்றுத்தரும் செயலியின் பெண்குரல் சொல்லச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்கிறார். ரயிலேறி எங்கும் போகும் உத்தேசம் அவருக்கு இல்லை. முடிவெட்டுகிறவருக்கென்று அந்தச் செயலியில் பாடம் வைக்கவில்லை; அதனால் இருக்கிற பாடத்தைப் படிக்கிறார்.

இரண்டே நாற்காலிகள் உள்ள சலூன் அது. மாஸ்டருக்கு ஐம்பத்து நான்கு வயது. வெட்டத் தொடங்குமுன் கத்தரிக்கோலை இரண்டு முறை வெறுங்காற்றில் நறுக்கிப் பார்ப்பார். வழுக்கைத் தலைக்கும் அதே மரியாதை உண்டு, என் அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்தப் படிப்பெல்லாம் ஜப்பான் சாருக்காக. பக்கத்துத் தொழிற்சாலையில் பொறியாளர். ஒரு வருடமாக மாஸ்டரிடம்தான் முடிவெட்டிக்கொள்கிறார். நாங்களெல்லாம் கிருதா ஒரு நூல் ஏறினாலும் சண்டைக்கு நிற்போம். அவர் மட்டும் கண்ணாடியைப் பார்த்து, தலையசைத்து, நன்றாக இருக்கிறது என்று தன் மொழியில் சொல்லிவிட்டுப் போவார். எப்படி வெட்டினாலும் அதே தலையசைப்பு. மாஸ்டருக்கு அது முள்ளாகக் குத்தியது.

"திட்டுனாக்கூட வாங்கிக்கலாம் சார். மனசுல என்ன நெனைக்கிறார்னே தெரியலையே" என்றார் ஒருநாள் என்னிடம். முப்பது வருடம் கத்தரிக்கோல் பிடித்த கை. தன் வேலை அந்த ஒரு மனிதருக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் அவர் நிஜமாகவே வருந்தினார்.

பன்னிரண்டாம் பாடம் வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. ஜப்பானியர்கள் எதிரே இருப்பவர் மனம் நோகுமே என்று மறுப்பை நேரடியாகச் சொல்வது குறைவு. முகத்தையும் மௌனத்தையும் கவனியுங்கள் என்றது அந்தப் பெண்குரல். மாஸ்டர் அதைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். அப்படியானால் ஒரு வருடமாகத் தலையசைத்ததெல்லாம் பிடிக்காமல்தானா? என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? இருக்கலாம் என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்தது வணக்கம். எவ்வளவு குனிவது, யார் முதலில் நிமிர்வது என்று பிடிபடவில்லை. என்னை எதிரே நிறுத்திப் பழகினார். இருவரும் குனிந்தோம்; நிமிர்ந்தால் மரியாதைக் குறைவோ என்று இருவருமே நிமிரவில்லை. வீட்டிலும் இதே கூத்துதான். "யாரைப் பார்த்துக் குனியுறீங்க? செவுத்தையா?" என்று அவர் மனைவி கேட்டாராம். மறுபடி ஒருமுறை குனிந்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறார்.

போன சனிக்கிழமை ஜப்பான் சார் வந்தார். மறுநாள் ஊருக்குப் புறப்படுகிறார், மகளுக்குக் கல்யாணம். கைப்பேசியில் மணப்பெண்ணின் படத்தைக் காட்டினார். மாஸ்டருக்கு முகம் வெளிறிவிட்டது. காற்றில் நறுக்குவதை இரண்டு முறைக்குப் பதில் நான்கு முறை செய்தார்.

அழகாகத்தான் வெட்டினார், நான் சாட்சி. முடித்துவிட்டுச் சரியாக இருக்கிறதா என்று ஜப்பானிய மொழியில் கேட்டார். ஜப்பான் சார் தலையசைத்து நன்றாக இருக்கிறது என்றார். அதற்கு முன் ஒரு நொடி மௌனம். மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, யோசிச்சார்" என்று கிசுகிசுத்தார். பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் குறைத்தார். மறுபடி கேட்டார். மறுபடி நன்றாக இருக்கிறது. இந்த முறை மௌனம் சற்று நீண்டது. மேலே குறைத்தார். மூன்றாம் முறை ஜப்பான் சார் கண்களை மூடிக்கொண்டே தலையசைத்தார். எனக்கும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே பிடிக்கவில்லையோ? தடுக்கவா, விடவா? தரையில் முடி குவிந்தது. ஒருவர் மனம் நோகக்கூடாது என்று ஒருவர் உட்கார்ந்திருக்க, அவர் மனம் நோகிறது என்று இன்னொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்.

உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் முடி மிஞ்சியபோது மாஸ்டர் பாடத்தையெல்லாம் கைவிட்டார். "சார், உங்க பொண்ணு கல்யாணம். பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க" என்று கெஞ்சினார்.

போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. ஜப்பான் சார் அதை உச்சந்தலைமேல் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"போதும் மாஸ்டர்" என்றார், தமிழில். தொழிற்சாலை கேன்டீனில் கரண்டியோடு வருகிறவரை நிறுத்தக் கற்ற சொல்லாக இருக்க வேண்டும்.

மாஸ்டர் உடைந்துபோவார் என்று பயந்தேன். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்! கண்கூடக் கலங்கியிருந்தது. விரல்களிலிருந்து கத்தரிக்கோலைக் கழற்றி, ஜப்பான் சாரின் மடியில் வைத்தார்.