இருட்டுத் திரையும் ஒரு பொறியும்

கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர் தூத்துக்குடிக்கு விடுப்பில் வந்திருந்தபோது, மகள் ஜெனிட்டாவோடு விளையாட குறைந்த செலவில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு கேமிங் கம்ப்யூட்டரைப் பொருத்தினார். புராசஸரையும் மெமரியையும் விலையையும் வேகத்தையும் மட்டும் பார்த்து அந்தப் பாகங்களை ஆன்லைனில் வாங்கியது நான். சுவிட்சைப் போட்டதும் உள்ளே ஃபேன் சுற்றியது, திரை மட்டும் இருட்டாகவே இருந்தது.

"மெமரி சரியா உக்காரலபோல" என்றவர், சுவிட்சை அணைக்காமலே அந்த மெமரிப் பட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். பளிச்சென்று ஒரு பொறி பறந்தது. கருகிய வாடை அடித்தது. ஜெனிட்டா அலறினாள். அடுத்த வாரம் கப்பல் ஏற வேண்டிய மனிதர், தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. மொதல்ல பிளக்கப் புடுங்குளா" என்றார்.

மறுநாள் கடைக்கார அண்ணாச்சி எல்லாவற்றையும் சோதித்தார். "இந்த புராசஸர் தானா படம் காட்டாதும்மா. கிராபிக்ஸ் கார்டு தனியா போடணும். மெமரியில குறையே இருந்திருக்காது. இப்ப அதும் போச்சு, அது மாட்டியிருந்த மதர்போர்டும் போச்சு" என்றார்.

இப்போதெல்லாம் கார்டு இல்லாமல் படம் வருமா என்று கேட்ட பிறகே புராசஸர் வாங்குகிறேன். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கி என் கையில் வைத்துக்கொள்கிறேன்.